நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டில் கோளாறா? ஃபயர்வால் பெட்டிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நிறுவன ஃபயர்வால் பெட்டிகளில் பொருத்தப்படும் நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டுகள் எளிதில் கெட்டுப்போவதில்லை. “கார்டு போய்விட்டது, புதியது வாங்க வேண்டும்” என்று கழற்றி வைக்கப்பட்ட கார்டை வேறொரு பெட்டியில் செருகிப் பார்த்தால், பல நேரங்களில் அது குறையின்றி வேலை செய்கிறது. கோளாறு கேபிளிலோ, எதிர்முனை ஸ்விட்சிலோ, ஸ்லாட்டிலோ, யாரோ மாற்றிவிட்ட ஓர் அமைப்பிலோ இருந்திருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், கார்டை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்து இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டிருப்பது இன்டெல் ஐ350-டி4 கார்டு. 2011-இல் வெளிவந்த இந்தச் சிப், பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படையிலான ஃபயர்வால்களிலும் லினக்ஸ் ஃபயர்வால்களிலும் இன்றும் பரவலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து கிகாபிட் கார்டுகளான எக்ஸ்520, எக்ஸ்710 ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்துபவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

## கைவைப்பதற்கு முன்

ஃபயர்வாலின் அமைப்புக் கோப்பை முதலில் வேறொரு கணினியில் சேமித்துக்கொள்ளவும். கன்சோல் கேபிளோ, மானிட்டரும் கீபோர்டுமோ கைவசம் இல்லாமல் கார்டைக் கழற்றக் கூடாது. போர்ட்டுகளின் பெயர் மாறிவிட்டால் வலைப்பக்கம் வழியாக உள்ளே நுழைய வழியிருக்காது. எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதோடு, கேபிளிலும் எழுதி ஒட்டிவிட வேண்டும். பெட்டியை ‘ஷட்டவுன்’ செய்தால் மட்டும் போதாது. மின்கம்பியையும் பிடுங்க வேண்டும், ஏனெனில் அணைத்த நிலையிலும் ஸ்லாட்டுக்குச் சிறிதளவு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பழக்கமும் தேவை. கார்டு தானாகவே எண்ணி வைத்திருக்கும் பிழைக் கணக்குகளை, எதையும் மாற்றுவதற்கு முன் ஒருமுறையும், பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்சில் ஈத்டூல் கட்டளையின் புள்ளிவிவரப் பட்டியலிலும், ஃபிரீபிஎஸ்டியில் சிஸ்கன்ட்ரோல் கட்டளையின் ‘மேக் ஸ்டாட்ஸ்’ பகுதியிலும் அவை கிடைக்கும். மொத்த எண் பெரியதாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது என்றோ நடந்ததாக இருக்கலாம். இப்போது ஏறிக்கொண்டிருக்கும் எண் எது என்பதுதான் கோளாற்றின் இருப்பிடத்தைக் காட்டும்.

## அறிகுறி 1: கார்டு இருப்பதே பெட்டிக்குத் தெரியவில்லை

லினக்சில் எல்எஸ்பிசிஐ கட்டளையையும், ஃபிரீபிஎஸ்டியில் பிசிஐகான்ஃப் கட்டளையையும் இயக்கிப் பார்க்கவும். ஐ350 தாமிரப் போர்ட்டாக இருந்தால் 8086 என்ற தயாரிப்பாளர் எண்ணும் 1521 என்ற சாதன எண்ணும் நான்கு முறை வர வேண்டும்.

### ஒருமுறைகூட வரவில்லையென்றால்

கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராததே மிகவும் எளிய காரணம். ரேக்கில் வைக்கும் தட்டையான பெட்டிகளில் ரைசர் பலகை வழியாகக் கார்டு படுக்கை நிலையில் செருகப்படுகிறது. பின்பக்கத் தகட்டின் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனை ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிட்டாலே போதும், தொடர்பு அறுந்துவிடும். கார்டைக் கழற்றி, தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்து, உலர்ந்தபின் முழுவதும் அழுத்திச் செருகிவிட்டுத் திருகை இறுக்கவும். பென்சில் அழிப்பான் வேண்டாம். அது முலாமைத் தேய்த்துவிடும்.

அப்படியும் வரவில்லையென்றால், பயாஸ் அமைப்பில் அந்த ஸ்லாட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். சில மதர்போர்டுகளில் எம்.2 சேமிப்பகம் செருகப்பட்டதும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே அணைந்துவிடும். அடுத்து, கார்டை வேறொரு ஸ்லாட்டிலும் வேறொரு கணினியிலும் செருகிப் பார்க்கவும். இரண்டாவது கணினியிலும் தெரியவில்லையென்றால் மட்டுமே கார்டு கெட்டது என்று முடிவு செய்யலாம்.

### நான்கில் இரண்டு மட்டும் வந்தால்

ஐ350 கார்டில் ஒரே சிப் நான்கு போர்ட்டுகளையும் நடத்துகிறது. அதற்கு முந்தைய தலைமுறைக் கார்டுகள் சிலவற்றில், எடுத்துக்காட்டாக 82576 சிப் கொண்ட நான்கு போர்ட் கார்டுகளில், தலா இரண்டு போர்ட் கொண்ட இரு சிப்கள் ஒரு பாலச் சிப்பின் பின்னால் இருக்கும். அத்தகைய கார்டில் பாதி மறைந்தால் ஒரு சிப் இறந்துவிட்டது என்று பொருள், அதைப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. ஐ350-இல் சில போர்ட்டுகள் மட்டும் மறைந்தால் பயாஸ் அமைப்பையும் கார்டின் ஃபர்ம்வேரையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

### நான்கும் வருகின்றன, ஆனால் போர்ட்டுகள் உருவாகவில்லையென்றால்

டிரைவர் ஏறவில்லை என்பது பொருள். தொடக்கச் செய்திகளில், இந்தக் கார்டின் டிரைவர் பெயரான ஐஜிபி என்ற சொல்லைத் தேடவும். ஃபிரீபிஎஸ்டியில், பல மையங்கள் கொண்ட பிராசசருடன் நான்கு போர்ட் கார்டைச் சேர்க்கும்போது, ஒவ்வொரு போர்ட்டும் பல வரிசைகளைத் திறந்து எம்பஃப் எனப்படும் நினைவகத் துண்டுகளைத் தீர்த்துவிடுவது உண்டு. பெறும் பகுதியை அமைக்க முடியவில்லை என்ற செய்தி கடைசிப் போர்ட்டுக்கு மட்டும் வந்தால் அதுதான் காரணம். பிஎஃப்சென்ஸ் முகப்புப் பக்கத்திலேயே எம்பஃப் பயன்பாட்டு அளவு தெரியும். தொடக்க அமைப்புக் கோப்பில் அதன் உச்சவரம்பை உயர்த்தி மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

முத்திரையிட்ட ஃபயர்வால் பெட்டியாக இருந்து உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால், மூடியைத் திறப்பதற்கு முன்பே விற்பனையாளரை அழைக்க வேண்டும். முன்பக்கத்தில் செருகும் போர்ட் மாட்யூல்களை மின்சாரம் ஓடும்போது கழற்றலாம் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய, கழற்றவே கூடாது.

## அறிகுறி 2: கார்டைச் சேர்த்த பிறகு இணையம் வேறு போர்ட்டுக்குப் போய்விட்டது

இந்தக் கோளாற்றை நான் மற்றவற்றைவிட அதிகக் கவலையோடு பார்க்கிறேன், ஏனெனில் இதில் பாதுகாப்பே தலைகீழாகிவிடக்கூடும். ஃபிரீபிஎஸ்டி போர்ட்டுகளை, பிசிஐ வரிசையில் கண்டெடுக்கும் ஒழுங்கில் ஐஜிபி0, ஐஜிபி1 என்று பெயரிடுகிறது. மதர்போர்டில் ஏற்கெனவே இரண்டு ஐஜிபி போர்ட்டுகள் இருந்து, புதிய கார்டு அவற்றுக்கு முன்னால் கண்டெடுக்கப்பட்டால், பழைய ஐஜிபி0 இப்போது ஐஜிபி4 ஆகிவிடும். ஃபயர்வாலின் அமைப்புக் கோப்போ பழைய பெயரையே நினைவில் வைத்திருக்கும்.

கோப்பில் உள்ள ஒரு போர்ட் காணாமல் போனால், பிஎஃப்சென்ஸ் தொடக்கத்திலேயே நின்று போர்ட்டுகளை மறுபடி ஒதுக்கச் சொல்லும். ஆனால் பெயர்கள் எல்லாம் இருந்து, அவை சுட்டும் போர்ட்டுகள் மட்டும் இடம்மாறியிருந்தால், அது எதுவும் கேட்காமல் எழுந்துவிடும். உள் வலையமைப்புக்கான விதிகள் வெளிப்புறப் போர்ட்டில் ஏறி உட்காரும் வாய்ப்பு அப்போதுதான் வருகிறது.

ஆகவே, கார்டைச் சேர்த்தபின் முதல் தொடக்கத்தை எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிய நிலையில்தான் செய்ய வேண்டும். கன்சோலில் ஒவ்வொரு போர்ட்டின் மேக் முகவரியையும் (போர்ட்டுக்கே உரிய வன்பொருள் எண்) குறித்துக்கொள்ளவும். பிறகு உள் வலையமைப்பின் கேபிளை மட்டும் ஒரு போர்ட்டில் செருகி, எந்தப் பெயருக்கு இணைப்பு எழுகிறது என்று பார்த்து, அதே போர்ட்டின் மேல் பெயரை எழுதி ஒட்டவும். தகட்டில் இடமிருந்து வலமாக இருக்கும் வரிசையும் பெயர்களின் வரிசையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பல கார்டுகளில் அது தலைகீழ். லினக்சில் ஈத்டூலின் அடையாளம் காட்டும் தெரிவைப் பயன்படுத்தினால் அந்தப் போர்ட்டின் விளக்கு சிமிட்டும். நான்கையும் ஒதுக்கி முடித்த பிறகே இணையக் கேபிளைச் செருக வேண்டும்.

லினக்ஸ் ஃபயர்வால்களில் பெயருக்குள்ளேயே பிசிஐ பஸ் எண் அடங்கியிருப்பதால், வேறொரு கார்டைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அந்த எண் நகர்ந்து பெயர் மாறலாம். மேக் முகவரியைக் கொண்டு நிலையான பெயர் வைக்கும் விதியை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

## அறிகுறி 3: ஒரு போர்ட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை

எரியாத போர்ட்டின் கேபிளைக் கழற்றி, எரியும் போர்ட்டில் செருகவும். எரியும் போர்ட்டின் கேபிளை இதில் செருகவும். கோளாறு கேபிளோடு போனால் கேபிளையும் எதிர்முனையையும் பார்க்க வேண்டும். போர்ட்டிலேயே நின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அந்தப் போர்ட் மென்பொருளில் முடக்கப்பட்டிருக்கிறதா, வேகம் கையால் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். தாமிரக் கேபிளில் கிகாபிட் இணைப்புக்கு இருமுனையும் தானாகப் பேசி வேகத்தை முடிவு செய்வது கட்டாயம். அதை அணைத்துவிட்டுக் கிகாபிட்டை நிலைப்படுத்த முயன்றால் இணைப்பு எழாது. பிறகு போர்ட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கவும். எட்டுக் கம்பிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றின் வரிசையிலிருந்து உள்ளே அழுந்திக் கிடப்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். சரியாக கிரிம்ப் செய்யாத ஆர்ஜே45 முனையை வலிந்து செருகினால் இது நடக்கும். மெல்லிய கொக்கியால் தூக்கிவிட முடியும் என்றாலும், அந்தக் கம்பியின் விறைப்பு திரும்பாது என்பதால் அந்தப் போர்ட்டை முக்கியமான இணைப்புக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே தாமிரக் கேபிள் இழுத்திருக்கும் இடங்களில் இடி மின்னலுக்குப் பிறகு ஒரு போர்ட் மட்டும் இறந்துபோவது வழக்கம். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இத்தகைய அழைப்புகள் கூடுகின்றன. மீதி மூன்று போர்ட்டுகள் வேலை செய்வதைப் பார்த்து அந்தக் கார்டையே தொடர்ந்து ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே சிப் என்பதால், அடிபட்ட கார்டு சில வாரங்களில் முழுவதுமாகத் தொங்கிவிடுவதும், பெட்டியையே எழவிடாமல் தடுப்பதும் உண்டு. கார்டை மாற்றுவதோடு, அந்த வெளிக் கேபிளை ஃபைபராக மாற்றவும், ரேக்கின் எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளக்கவும் வேண்டும். அதைச் செய்யாமல் கார்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு அடுத்த கார்டு போகும்.

## அறிகுறி 4: இணைப்பு இருக்கிறது, ஆனால் 100 மெகாபிட்டில் நிற்கிறது

கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2 எண் கம்பிகளும் 3, 6 எண் கம்பிகளும் போதும். ஆகவே 4, 5 அல்லது 7, 8 எண் கம்பிகளில் ஏதாவது ஒன்று அறுந்தால், கார்டு தானாகவே 100-க்கு இறங்கிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய அலுவலகங்களில் ஒரே கேபிளின் நீல இணையைத் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தால் அது தெரிந்துவிடும்.

முதலில் நல்லதென்று தெரிந்த ஒரு குட்டையான கேபிளால் ஃபயர்வாலை ஸ்விட்சோடு நேராக இணைக்கவும். 1000 வந்துவிட்டால் கார்டுக்குக் குறையில்லை. இரு முனைகளையும் புதிதாக கிரிம்ப் செய்யவும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவுக் கேபிளானால் கிரிம்ப் செய்வதில் நேரம் செலவழிக்க வேண்டாம், முழுத் தாமிரக் கேபிளாக மாற்றிவிடவும். சுவருக்குள் போகும் நீண்ட கேபிளில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க நீளம் காட்டும் சோதனைக் கருவி வேண்டும். அந்தக் கருவி உள்ள கேபிளிங் ஆட்களை அழைக்க வேண்டிய இடம் இதுவே.

## அறிகுறி 5: இணைப்பு விட்டு விட்டு வருகிறது

பதிவேட்டில் இணைப்பு விழுந்த நேரங்களை எடுத்து, அவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கவும்.

### போக்குவரத்து குறைவான நேரத்தில் விழுந்தால்

மின்சேமிப்பு அமைப்புகளே முதல் சந்தேகம். 2010-இல் தரப்படுத்தப்பட்ட மின்சேமிப்பு ஈதர்நெட், சும்மா இருக்கும் இணைப்பைத் தூங்கவைத்து எழுப்புகிறது. சில ஸ்விட்சுகளோடு அது ஒத்துப்போவதில்லை. ஸ்விட்சில் ‘கிரீன் ஈதர்நெட்’ என்ற பெயரில் இருப்பதை அணைக்கவும். லினக்சில் ஈத்டூல் வழியாகக் கார்டிலும் அணைக்கலாம். பயாஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் மின்சேமிப்பையும் அணைத்துவிடவும். 2.5 கிகாபிட் ஐ225, ஐ226 போர்ட்டுகள் கொண்ட சிறிய பெட்டிகளில் இந்த இரண்டும் முக்கியம். ஐ225-இன் தொடக்கப் பதிப்புச் சிப்களில், 2.5 கிகாபிட் வேகத்தில் சில ஸ்விட்சுகளோடு பேசும்போது பேக்கெட்டுகள் இழக்கப்படும் வன்பொருள் குறையே இருந்தது. அத்தகைய போர்ட்டை 1 கிகாபிட்டுக்குக் குறைத்து ஓட்டுவதே நிலையான வழி.

### வேலை மிகுந்த நேரத்தில் நான்கும் சேர்ந்து விழுந்தால்

வெப்பத்தைப் பார்க்க வேண்டும். சர்வருக்காகச் செய்யப்பட்ட கார்டுகள் வலுவான காற்றோட்டத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. விசிறியில்லாத சிறு பெட்டியில் செருகினால் சிப்பின் மேலுள்ள வெப்பம் கடத்தும் தகடு தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். பத்து கிகாபிட் தாமிரக் கார்டுகளில் இது இன்னும் மோசம். அளவுக்கு மீறிச் சூடானதால் கார்டு நிறுத்தப்பட்டது என்ற செய்தியையே டிரைவர் பதிவேட்டில் எழுதும். தூசியை ஊதி, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பார்த்து, பெட்டிக்கு மேலும் கீழும் ஓர் இடைவெளி விட்டு, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக வைத்து ஒரு நாள் கவனிக்கவும். பவர் சப்ளையின் அளவு போதாமலும் இதே அறிகுறி வரும். அதை மாற்றிப் பார்க்க உதிரி இல்லாதவர்கள் சர்வீஸ் ஆளை அழைப்பது நல்லது.

### ஒழுங்கே இல்லாமல் ஒரு போர்ட் மட்டும் விழுந்தால்

கேபிளின் முனையிலுள்ள பூட்டுநாக்கு உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும். உடைந்த நாக்கோடு ஓடும் கேபிள், ரேக்கின் கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் இணைப்பை விடும்.

## அறிகுறி 6: இணைப்பு 1000 காட்டுகிறது, ஆனால் இணையம் மெதுவாக இருக்கிறது

மிகவும் குழப்பமான அறிகுறி இதுவே. “ஃபயர்வால் மெதுவாகிவிட்டது” என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் இருக்கும். வேகத்தை அளப்பதையே முதலில் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஐபெர்ஃப்3 கருவியை ஃபயர்வாலிலேயே இயக்கினால், அளக்கும் வேலையே பிராசசரைத் தின்றுவிட்டு, இல்லாத கோளாற்றைக் காட்டும். ஃபயர்வாலின் ஒரு பக்கம் ஒரு கணினி, மறுபக்கம் ஒரு கணினி என்று வைத்து, நடுவில் ஃபயர்வால் வழியாகப் போகும்படி அளக்கவும். கிகாபிட் இணைப்பில் சுமார் 940 மெகாபிட் வந்தால் கார்டு தன் வேலையைச் செய்கிறது. கோளாற்றை இணையச் சேவையாளர் பக்கம் தேடவும்.

அந்த அளவு வரவில்லையென்றால், சோதனை ஓடும்போதே பிழைக் கணக்குகளைப் பார்க்கவும். எந்த எண் ஏறுகிறதோ அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### சிஆர்சி பிழை ஏறினால்

பேக்கெட் கார்டுக்கு வருவதற்குள் சிதைகிறது. கேபிள், முனை, எதிர்முனைப் போர்ட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றவும். மின்தூக்கியின் மோட்டார், யுபிஎஸ், மின்கம்பிக் கட்டு ஆகியவற்றோடு ஒட்டிப் போகும் கேபிளைப் பிரித்து வேறு பாதையில் கொண்டு போகவும். கார்டையும் ஃபயர்வால் அமைப்பையும் தொட வேண்டிய தேவையே இல்லை.

### ‘தவறவிட்டது’, ‘பஃபர் இல்லை’ என்ற கணக்குகள் ஏறினால்

பேக்கெட் கார்டு வரை நலமாக வந்து, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் விழுகிறது. பிராசசரைப் பார்க்கவும். எல்லா மையங்களும் நிரம்பியிருந்தால் பெட்டியின் திறன் போதவில்லை. ஊடுருவல் கண்டறியும் மென்பொருளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீண்டும் அளந்தால் அது உறுதியாகும்.

ஒரு மையம் மட்டும் நூறு விழுக்காட்டில் நின்று மற்றவை சும்மா இருந்தால், அது நன்கு அறியப்பட்ட ஒரு நிலை. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இணையம், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறையில் வருகிறது. ஐஜிபி கார்டுகள் ஐபி பேக்கெட்டுகளைப் பிரித்துப் பல வரிசைகளில் போடத் தெரிந்தவையே தவிர, பிபிபிஓஇ உறைக்குள் இருப்பதைப் பிரிக்க அவற்றால் முடிவதில்லை. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மையத்தின் தலையில் விழும். ஃபிரீபிஎஸ்டியில் நெட்.ஐஎஸ்ஆர் பகுதியின் டிஸ்பேச் அமைப்பை ‘டிஃபர்டு’ என்று மாற்றினால் சுமை மற்ற மையங்களுக்கும் பகிரப்படும். அதுவும் போதாதென்றால் ஒற்றை மைய வேகம் அதிகமுள்ள பிராசசரே தீர்வு. விலையுயர்ந்த கார்டை வாங்கிப் போடுவதால் இந்தச் சிக்கல் தீர்வதில்லை என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

### ‘எக்ஸ்ஆஃப்’ கணக்கு ஏறினால்

ஒரு முனை மறுமுனையைப் பார்த்துச் ‘சற்று நில்’ என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. பல மெய்நிகர் வலையமைப்புகள் ஒரே போர்ட்டில் போகும் இடத்தில், மெதுவான ஒரு சாதனத்துக்காக எல்லோரும் நிற்க வேண்டிவரும். ஃபயர்வால் போர்ட்டிலும் ஸ்விட்சிலும் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு மீண்டும் அளக்கவும்.

### எந்தக் கணக்கும் ஏறவில்லையென்றால்

பிராசசரின் வேலையைக் கார்டுக்கு மாற்றும் ‘ஆஃப்லோடு’ அமைப்புகளைப் பார்க்கவும். வரும் சிறு பேக்கெட்டுகளைக் கார்டோ டிரைவரோ ஒட்டிப் பெரிதாக்கித் தரும் எல்ஆர்ஓ வசதி, கோப்பு வழங்கும் சர்வருக்கு நல்லது. பேக்கெட்டை வாங்கி அடுத்த பக்கம் அனுப்பும் ஃபயர்வாலுக்குக் கெடுதல். பிஎஃப்சென்ஸில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, நெட்வொர்க்கிங் என்ற பக்கத்தில் டிஎஸ்ஓ (அனுப்பும் பெரிய பேக்கெட்டைக் கார்டே சிறிதாக வெட்டும் வசதி), எல்ஆர்ஓ இரண்டும் முடக்கப்பட்டிருக்க வேண்டும். செக்சம் ஆஃப்லோடையும் முடக்கி ஒருமுறை சோதிக்கவும். மாற்றங்களுக்குப் பின் மறுதொடக்கம் செய்வது அவசியம்.

அடுத்தது ஸ்லாட்டின் அகலம். ஐ350-டி4 கார்டுக்கு நான்கு லேன் (ஸ்லாட்டில் தரவு செல்லும் பாதை), லேன் ஒன்றுக்கு 5 ஜிடி (நொடிக்கு 500 கோடி பரிமாற்றம்) வேகம் என்று இணைப்பு நிலையில் வர வேண்டும். பார்ப்பதற்கு நீளமாக இருக்கும் ஸ்லாட்டுக்குள் ஒரே லேன் மட்டும் கம்பியிடப்பட்டிருக்கலாம். ஒரு லேன் 2.5 ஜிடி என்றால் ஒரு திசையில் சுமார் 2 கிகாபிட்தான். நான்கு போர்ட்டுகளும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பத்து கிகாபிட் போர்ட் கொண்ட எக்ஸ்710 கார்டை, எட்டு லேன் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில்தான் போட வேண்டும். நான்கு லேன் இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் மொத்தமே 16 கிகாபிட்டுக்கு மேல் எழும்பாது.

கடைசியாக, 100 மெகாபிட்டில் ஓடும் பழைய மோடமோ ரவுட்டரோ எதிரில் இருந்தால், அதில் வேகம் ‘100 முழு’ என்று நிலைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு முனை நிலையாகவும் மறுமுனை தானியங்கியாகவும் இருந்தால், தானியங்கி முனை அரை டியூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் நிலை) இறங்கிவிடும். பிங் ஒழுங்காகப் போகும், கோப்பு இறக்கினால் ஊர்ந்து செல்லும். இரு முனைகளையும் ஒன்றுபோல் வைக்கவும்.

## அறிகுறி 7: எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில் மாட்யூல் ஏற்கப்படவில்லை

எஸ்எஃப்பி பிளஸ் என்பது ஃபைபர் மாட்யூலையோ நேரடித் தாமிரக் கேபிளையோ செருகும் பத்து கிகாபிட் போர்ட். எக்ஸ்520 கார்டு தனக்குத் தெரியாத தயாரிப்பாளரின் மாட்யூலை மறுத்துவிடும். லினக்சில் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவருக்கும், ஃபிரீபிஎஸ்டியில் தொடக்கக் கோப்பிலும், ஆதரவற்ற மாட்யூலை அனுமதிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதை 1 ஆக்கி மறுதொடக்கம் செய்தால் ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்710-இல் இந்தச் சோதனை ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் அந்த வழி செல்லாது. இன்டெலுக்காகக் குறியிடப்பட்ட மாட்யூலையே வாங்கவும், அல்லது குட்டைத் தூரத்துக்கு நேரடித் தாமிரக் கேபிளைப் பயன்படுத்தவும்.

மாட்யூல் ஏற்கப்பட்டும் இணைப்பு எழவில்லையென்றால், முதலில் ஃபைபரின் இரு இழைகளையும் ஒரு முனையில் மாற்றிச் செருகிப் பார்க்கவும். ஒரு முனையில் 850 நானோமீட்டர் எஸ்ஆர் (குறுந்தூர) மாட்யூல், மறுமுனையில் 1310 நானோமீட்டர் எல்ஆர் (நெடுந்தூர) மாட்யூல் இருந்தால் பேசாது. ஒற்றை இழை மாட்யூல்கள் 1270, 1330 என்று ஜோடியாகவே இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வகை கூடாது. மாட்யூல் தெரிவிக்கும் பெறும் ஒளியின் அளவையும் படிக்கவும். எல்ஆர் மாட்யூலில் அது மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே இறங்கியிருந்தால் முனைகளைத் துடைத்துவிட்டு மீண்டும் அளக்கவும். துடைத்த பிறகும் ஏறவில்லையென்றால் ஃபைபர் ஒட்டும் கருவி உள்ளவரை அழைக்க வேண்டும். ஒளி வருகிறதா என்று ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சேதப்படுத்தக்கூடும்.

## அறிகுறி 8: கார்டை மாற்றினோம், எல்லாம் சரி, இணையம் மட்டும் வரவில்லை

சேவையாளர் பழைய கார்டின் மேக் முகவரியையே பதிந்து வைத்திருப்பார். மோடத்தை முழுவதுமாக அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடவும். அதற்கும் வராவிட்டால், ஃபயர்வாலின் வெளிப்புறப் போர்ட் அமைப்பில் பழைய மேக் முகவரியை எழுதவும், அல்லது சேவையாளரிடம் புதியதைப் பதியச் சொல்லவும். பழைய கார்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் ஒட்டுச்சீட்டில் உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

## அறிகுறி 9: ஃபயர்வாலை அணைத்த பிறகும் போக்குவரத்து ஓடுகிறது

இது பழுது அல்ல. பைபாஸ் வசதியுள்ள கார்டுகளில், மின்சாரம் போனதும் ஒரு ரிலே இரண்டு போர்ட்டுகளை நேராக இணைத்துவிடும். இணைப்பு அறுபடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஜோடியில் ஒன்று இணையத்துக்கும் மற்றொன்று உள் வலையமைப்புக்கும் போயிருந்தால், பெட்டி அணையும் ஒவ்வொரு முறையும் அலுவலகம் பாதுகாப்பின்றித் திறந்துகிடக்கும். பயாஸிலோ கார்டின் கட்டுப்பாட்டுக் கருவியிலோ பைபாஸை முடக்கவும், இல்லையேல் இணையத்தையும் உள் வலையமைப்பையும் வெவ்வேறு ஜோடிகளுக்கு மாற்றவும். பிறகு அலுவலகம் முடிந்த நேரத்தில் மின்கம்பியைப் பிடுங்கி, போக்குவரத்து உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.

## புதிய கார்டுதான் வேண்டும் என்று முடிவானால்

ஐ350-டி4 கார்டுக்குப் போலிகள் சந்தையில் நிறைய உண்டு. புதியது என்று நம்பமுடியாத விலையில் வரும் கார்டைவிட, பெரிய நிறுவனங்களின் சர்வரிலிருந்து கழற்றப்பட்ட கார்டை நம்பலாம் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக எச்பி 366டி கார்டில் இருப்பது இதே ஐ350 சிப்தான். பெட்டியின் உயரத்துக்கு ஏற்ற பின்தகடு கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்கவும்.

உத்தரவாதத்தில் மாற்றுவதானால், விற்பனையாளரிடம் கார்டின் தொடர் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஃபயர்வால் மென்பொருளின் பதிப்பு, பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு பிழைக் கணக்குகள், வேறொரு ஸ்லாட்டிலும் வேறொரு கணினியிலும் என்ன நடந்தது என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கவும். இவை இருந்தால் “கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா” என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது. அமைப்புக் கோப்பை மட்டும் யாருக்கும் அப்படியே அனுப்பக் கூடாது; அதில் கடவுச்சொற்களும் விபிஎன் சாவிகளும் இருக்கும்.